அவர் விசாரிக்கும் ஆட்கள்

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். என் கணவர் அங்கே தீயணைப்பு நிலைய அதிகாரி. வந்த ஆறே மாதத்தில், அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது.

ஷிப்ட் தொடங்கும்போது ஆட்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து ஒரு வார்த்தை கேட்பார். தூங்கினாயா, அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா, ஏன் கண் சிவந்திருக்கிறது? உடம்போ மனசோ சரியில்லாதவரை ஏணிப் பக்கம் விடமாட்டார். பம்ப் அருகில் நிறுத்திவிடுவார். திட்டுவதென்றால் தனியே கூப்பிட்டுத் திட்டுவார். பாராட்டு எல்லார் முன்னாலும். தீயை அணைத்துத் திரும்பினால், கடைசி ஆள் டீ குடித்த பிறகுதான் தன் டம்ளரை எடுப்பார். இதெல்லாம் எங்கள் பிளாக் பெண்கள் என்னிடம் மெச்சிச் சொன்னவை.

எனக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தது அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்து, "ரசத்துல உப்பு இல்லையே" என்றார். அன்றைக்கே ஒரு டிரைவருக்குச் சளி என்று, அடுப்பிலிருந்த கஷாயத்தை ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போனார். அது எனக்காக நான் போட்டுக்கொண்ட கஷாயம்.

அதற்குப் பிறகு அந்த ஆட்களில் யார் வீட்டுக்கு வந்தாலும் தண்ணீர் கொடுப்பேன், உட்காரச் சொல்லமாட்டேன்.

ஒரு நாள் காலை அவர் சுரங்கத்துக்குச் சோதனைக்குப் போயிருந்தார். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வரும் ஃபயர்மேன் ஒருவர் சைக்கிளில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். கூலி வேலை செய்த குடும்பத்தில் முதன்முதலாகப் பெர்மனென்ட் ஆனவர்.

"ஐயா இல்லீங்களாம்மா? வூட்ல அவளுக்கு வலி எடுத்துகினு இருக்குதுங்க. மதியம் ஷிப்ட்டுக்கு வந்துடுவன். ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா, அவரு பாத்துக்குவாரு."

"சொல்றேன்" என்றேன்.

அவரு பாத்துக்குவாரு என்று எத்தனை நிம்மதியாகச் சொல்லிவிட்டுப் போனார்! எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு நாள் வாய்த்ததில்லை. பன்னிரண்டு மணிக்கு என் கணவர் சாப்பிட வந்தார். சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன், அதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பிற்பாடு எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. ஒரே ஒரு ஆளுடைய வீட்டுச் சங்கதியாவது இவருக்குத் தெரியாமல் போகட்டும் என்று நினைத்தேன்.

ஷிப்ட் ஆட்கள் வரிசைக்கு வரும்போதே மணி அடித்தது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் தீ. விசாரிக்க நேரமில்லை, வண்டி கிளம்பிவிட்டது. அந்த ஃபயர்மேனும் வாய் திறக்கவில்லை. ஐயாவுக்கு விஷயம் தெரியும், தெரிந்தும் கூட்டிப்போகிறார் என்றால் ஆள் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாராம். ஹோஸோடு மேலே ஏறியவர் கால் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. பெண் குழந்தை பிறந்த செய்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அவருக்கு வந்தது.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்று என் கணவர் கேட்டிருக்கிறார்.

"மறந்துட்டன்ங்க" என்றாராம் அந்த மனிதர். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"மறக்கிற ஆள் இல்லையே அவன்" என்று என் கணவர் வீட்டில் புலம்பிக்கொண்டே இருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"எங்கிட்டதான் சொல்லிட்டுப் போனாரு. நான்தான் உங்ககிட்ட சொல்லல. வேணும்னுதான் சொல்லல."

"ஏன்?"

"எனக்குக் காய்ச்சல் அடிச்சது உங்களுக்குத் தெரியுமா?"

"அதை எங்கிட்டல்ல கேட்டிருக்கணும்? அவன் என்ன பண்ணான்?" என்றார்.

ஆட்களை விசாரிக்காமல் மேலே அனுப்பியது தன் தவறு என்று அறிக்கை எழுதிக்கொடுத்தார். வேண்டாம் என்று கெஞ்சினேன். "ஏறச் சொன்னது நான், நீ இல்ல" என்றார். மேலதிகாரிகளிடமிருந்து கண்டிப்பு வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது. என்னிடம் பத்து நாள் அவர் பேசவில்லை. அவருடைய ஆட்கள் தப்பு செய்தால் அன்றைக்கே கூப்பிட்டுப் பேசித் தீர்த்துவிடுவார். அதை நினைத்து அப்போதும் பொறாமைப்பட்டேன்.

பதினோராம் நாள் பஸ் ஏறி முத்தாண்டிக்குப்பம் போனேன். அந்த ஃபயர்மேனின் மனைவி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். குழந்தை குடித்து முடித்ததும் தோளில் போட்டுத் தட்டினாள்.

"அவருக்கு இன்னும் ஏதாச்சும் ஆயிருந்தா உங்கள சும்மா வுட்டிருக்கமாட்டன்" என்றாள். பிறகு, "எனக்கும் உங்க வூட்டுக்காரர கண்டா ஆவாதும்மா. ஐயா இத சொன்னாரு, ஐயா அத கேட்டாருன்னு இவரு எந்நேரமும் சொல்லிகினே இருப்பாரு. நான் புள்ள பெத்த அன்னிக்கிகூட, ஐயாவுக்கு கெட்ட பேரு வந்துடுமோன்னு அழுதுகினு இருந்தாராம். எனக்கு எப்பிடி இருக்கும்?" என்றாள்.

என்னையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. ஆனால் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு டீ போட எழுந்தாள்.

அங்கே போய்வந்தேன் என்று தெரிந்ததும் என் கணவர் பேசத் தொடங்கினார். அந்த ஃபயர்மேன் ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். ஏணி ஏற முடியாது என்பதால் என் கணவர் அவருக்கு டெலிபோன் ட்யூட்டி போட்டுக்கொடுத்தார். பலாப்பழ சீசனில் அந்த ஃபயர்மேன் மனைவியும் நானும் பண்ருட்டிக்குச் சேர்ந்தே போய்வருவோம். இரண்டு ஆண்களையும் பஸ் நிற்கும்வரை திட்டித் தீர்ப்போம். என் பொறாமை மட்டும், என் கணவர் ரிடையர் ஆகும்வரை முழுசாகத் தீரவே இல்லை.