வேறு காரணம்

ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கத்தில் ஒரு பிளாசாவின் பின்புறம், ரயர் கடைக்கும் ஒரு கேற்றரிங் சமையலறைக்கும் நடுவில் இருந்தது எங்கள் பயிற்சி நிலையம். காலையில் கதவைத் திறந்தால் ஒரு பக்கம் றப்பர் மணக்கும், மற்றப் பக்கம் கொத்துரொட்டி மணக்கும். நச்சுக் கழிவுகளோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கு அங்கே ஐந்து நாள் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. அமிலம் கசியும் பீப்பாய்க்குக் கிட்டப் போவது எப்படி, பாதுகாப்பு உடுப்பை எந்த ஒழுங்கில் கழற்றுவது, கழற்றியதை எங்கே போடுவது, எல்லாம் செய்து காட்டிப் பழக்குவார்கள். கழுவிச் சுத்தம் செய்யப் பழகுவதற்கு ஒரு பிள்ளைகளின் நீச்சல் தொட்டி வைத்திருந்தோம். அதன் அடியில் சிரிக்கும் மீன் படங்கள். அதற்குள் முழு உடுப்போடு நின்று பெரிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் தும்புத்தடியால் தேய்ப்பதைப் பார்த்து, முதல் கிழமை நான் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனேன்.

அரசாங்கம் தரும் மானியத்தில் நடந்ததால் படிப்பவர்களுக்கு எல்லாம் இலவசம். மானியத்துக்குப் பதிலாக அரசாங்கம் தகவல் கேட்டது. வந்தவர் யார், என்ன வயது, வீட்டில் என்ன மொழி, முன்பு என்ன வேலை, பயிற்சியை முடித்தாரா, முடிக்கவில்லையென்றால் ஏன், ஆறு மாதம் கழித்து எங்கே வேலையில் நிற்கிறார். அதையெல்லாம் சேர்த்துக் கொம்பியூட்டரில் ஏற்றுவது என் வேலை. தமிழ் ஆட்கள் வந்தால் வகுப்பில் மொழிபெயர்ப்பதும் நான்தான்.

பீப்பாயைத் தொடக்கூட எங்கள் ஆட்கள் இவ்வளவு பயப்படவில்லை. "அரசாங்கத்துக்கு ஏன் என்ர போன் நம்பர்?" என்று பேனையைக் கீழே வைத்துவிடுவார்கள். பதிவு என்றால் வீட்டில் இருக்கிறவர்களின் படத்தோடு இராணுவ முகாம் வாசலில் வெயிலில் நின்ற நினைவு அவர்களுக்கு. நானும் அப்படி நின்றவள்தான். அதனால் வற்புறுத்த மாட்டேன். பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பேன், சொன்னதை எழுதுவேன்.

வந்தவர்களில் ஒரேயொருவர்தான் ஒரு கேள்விக்கும் தயங்காமல் எல்லாவற்றையும் சொன்னவர். நாற்பது வயது இருக்கும். வடமராட்சிக்காரர். ஒல்லியான முகம், நெஞ்சுவரைக்கும் தாடி. எழுதி முடித்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அக்கா, இது இமிக்கிரேசனுக்கும் போகுமோ?"

பயத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன். "இல்லைத் தம்பி, அது வேற திணைக்களம்" என்றேன்.

அவருடைய முகம் வாடிப்போனது. "போனா நல்லது எண்டு நினைச்சன். நான் ஒழுங்காப் படிச்சு வேலை எடுக்கிறன் எண்டு தெரிஞ்சா மனுசியின்ர அலுவலைக் கெதியாப் பாப்பினமெல்லோ. எல்லாம் ஒரு அரசாங்கம்தானே?"

மனைவியும் மகளும் ஊரில். அகதி வழக்கு ஏற்கப்பட்டு, அவர்களைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டு, பிறகு காத்திருப்பு. அவர் வரும்போது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாளாம். இப்போது போனில் அவருக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் காட்டுகிறாளாம். அதைச் சொல்லும்போது சிரித்தார்.

வகுப்பில் அவர் நல்ல கெட்டிக்காரர். ஊரில் வாகனங்களுக்குப் பெயின்ற் அடித்தவர், இரசாயனச் சாமான்களின் குணம் ஓரளவு தெரியும். எங்கள் பயிற்சியாளர் தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர், நியூபவுண்ட்லாந்துக்காரர், ஆளும் குரலும் பெரிது. அவர் சொல்வதை நான் தமிழில் சொல்லி முடிக்குமுன்னமே இவர் செய்து காட்டிவிடுவார். மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு பேரும் மொழியே இல்லாமல் பகிடி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் நாள் மாஸ்க் சோதனை.

இறுக்கமான மாஸ்க்கைப் போட்டதும், தலைக்கு மேல் ஒரு பிளாஸ்ரிக் மூடியைக் கவிழ்த்து, அதற்குள் கசப்பான ஒரு திரவத்தைப் புகைபோல விசிறுவார்கள். மாஸ்க் தோலோடு ஒட்டி இருந்தால் ஒன்றும் தெரியாது. எங்காவது இடைவெளி இருந்தால் வாயெல்லாம் கைக்கும். தாடி இருந்தால் விதிப்படி சோதிக்கவே கூடாது. முதல் நாளே பயிற்சியாளர் அதைச் சொல்லியிருந்தார், நானும் தமிழில் சொல்லியிருந்தேன். தாடியோடு வந்தவர்கள் பலர் அன்று காலை வழித்துக்கொண்டுதான் வருவார்கள். இவர் அப்படியே வந்தார்.

"ஒருக்காச் சோதிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ அக்கா. நான் இழுத்துக் கட்டுறன்."

அவரே தெரிந்துகொள்ளட்டும் என்று பயிற்சியாளர் விசிறினார். ஒரு தரம்தான். உள்ளே அவருடைய கண்கள் சுருங்கியதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம்.

"கைக்குதோ?"

"இல்லை" என்றார். சொல்லிவிட்டு இருமினார்.

பயிற்சியாளர் மூடியை எடுத்துவிட்டு அவருடைய தோளில் கையை வைத்தார். "நான் விட்டுவிடுவேன், ஆனால் வாயு விடாது என்று சொல்" என்றார் என்னிடம். நான் சொன்னேன். வழித்துவிட்டு மத்தியானம் வந்தால் போதும், மீண்டும் சோதிக்கலாம் என்றும் சொன்னேன்.

"ஏலாதக்கா. மனுசியும் பிள்ளையும் வந்து இறங்குமட்டும் வழிக்கிறேல்லை எண்டு முருகனுக்கு நேத்தி."

"ஐயரிட்டக் கேட்டா வேற ஏதும் பரிகாரம் சொல்லுவார், தம்பி."

"நேத்தி வைச்சது ஐயருக்கில்லையே."

அந்தத் தாடியைத் தவிர அவர்களுக்காகச் செய்ய அவரிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை. விண்ணப்பம் எங்கோ ஒரு அலுவலகத்தில் கிடந்தது. அவர்கள் ஏறவேண்டிய விமானம் எங்கோ வானத்தில். அவருடைய கையில் இருந்தது அது ஒன்றுதான். பயிற்சியாளருக்கும் அதை விளங்கப்படுத்தினேன். தாடி உள்ளவர்கள் பாவிக்கக்கூடிய ஒரு சாதனம் இருக்கிறது என்றார் அவர். தலையை முழுவதும் மூடும் தளர்வான தொப்பி, இடுப்பில் பற்றறியோடு ஒரு காற்றாடி, சுத்தமான காற்றை உள்ளே தள்ளும். முகத்தோடு ஒட்டத் தேவையில்லை. ஆனால் எங்கள் மானியத்தின் அனுமதிப் பட்டியலில் அது இல்லை.

நான் மானியம் தரும் திணைக்களத்து அலுவலருக்குப் போன் எடுத்தேன். எங்கள் நிலையத்தின் தகவல்களைப் பார்ப்பவர் ஓர் இளம் பெண், இங்கே பிறந்த தமிழ்ப்பிள்ளை. போனில் ஆங்கிலத்தில் தொடங்கி, என் குரலை அடையாளம் கண்டதும் தமிழுக்கு மாறிவிடுவாள்.

"அன்ரி, ஐ நோ, பாவமா இருக்கு. ஆனா மாஸ்க் டெஸ்ட் இல்லாமச் சேர்ட்டிபிக்கற் குடுக்க ஏலாது. பிளீஸ், ரீசனை மட்டும் வடிவா எழுதுங்கோ."

பயிற்சியை முடிக்காததற்குக் கொடுக்கப்பட்டிருந்த காரணங்கள் நோய், போக்குவரத்து, மொழி, வேலை கிடைத்தது. தாடி இல்லை. 'வேறு காரணம்' என்பதை அழுத்திவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் ஒரு வசனம் எழுதினேன்: மத நேர்த்தியால் தாடி எடுக்க முடியவில்லை, இறுக்கமான மாஸ்க் பொருந்தாது, தளர்வான தொப்பி இருந்தால் முடித்திருப்பார். அன்று பின்னேரம் அவர் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார். பயிற்சியாளருக்குச் சாப்பிட ஒரு பெட்டி ரோல்ஸ் வாங்கிக்கொடுத்தார். சான்றிதழ் வாங்கியவர்கள் ஒருவரும் அப்படிச் செய்ததில்லை.

முடிக்காதவர்களையும் ஆறு மாதத்தில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பது விதி. கூப்பிட்டேன். பின்னால் ஏதோ பெரிய மெசின் இரைந்தது.

"வேலையில நிக்கிறன் அக்கா! நல்ல வேலை!"

மூடிப்போன ஒரு முலாம் பூசும் தொழிற்சாலையைத் துப்புரவாக்கும் கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் சேர்ந்திருந்தார். பழைய தொட்டிகளைக் கழுவி, அடியில் கிடப்பதை அள்ளுவது.

"மாஸ்க் தந்தவையோ தம்பி?"

"கடதாசி மாஸ்க் இருக்கு. தாடியைப் பற்றி இஞ்ச ஒருத்தரும் கேக்கேல்லை."

போனைப் பயிற்சியாளரிடம் கொடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அந்தத் தொட்டிகளில் என்னென்ன கிடக்கும், எதோடு எது சேர்ந்தால் என்ன வாயு வரும், மணம் மாறினால் ஒன்றும் யோசிக்காமல் வெளியே ஓட வேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். வேலையை விடச் சொல்லிக் கெஞ்சியபோது மட்டும் ஓம் சொல்லவில்லை. "அவை வந்து இறங்கேக்க ஒரு வீடாவது இருக்கோணுமெல்லோ அக்கா" என்றார். வேலையிடத்தின் விலாசத்தைக் கேட்டோம். லைன் விட்டுப்போனது. மறுபடி கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை. தன் வேலைக்கு ஆபத்து என்று நினைத்திருப்பார்.

எதிரே திரையில் அடுத்த கேள்வி காத்துக்கொண்டிருந்தது. பயிற்சியோடு தொடர்புள்ள வேலையில் இருக்கிறாரா? ஓம் என்பதுதான் உண்மையான பதில். அதை அழுத்தினேன். எங்கள் நிலையத்தின் நல்ல பெறுபேறுகளில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்தது.

அடுத்த வருடம் அந்த அலுவலர் பிள்ளை நேரில் வந்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்தச் சிரிக்கும் மீன் தொட்டிக்குள் இறங்கிப் படம் எடுத்தாள். பிறகு என் மேசையில் வந்திருந்து, "அன்ரி, உங்கட அந்த ஒரு வசனம்தான் எல்லாத்தையும் ஸ்ராட் பண்ணினது" என்றாள். அதைப் படித்துவிட்டு, நாட்டில் இருக்கும் மற்ற நிலையங்களின் 'வேறு காரணம்' எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்திருக்கிறாள். சீக்கியர்கள், முஸ்லிம்கள், யூதர்கள், தாடி என்ற ஒரே காரணத்தால் பாதியில் போனவர்கள் எங்கும் இருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு நிலையமும் தனக்கு வந்த ஓரிருவரை மட்டும் பார்த்துவிட்டு மறந்திருக்கிறது. அவள் அறிக்கை எழுதினாள், மேலே இருந்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இனி மானியத்தில் அந்தத் தொப்பி வாங்கலாம்.

பெட்டி வந்த அன்று பயிற்சியாளர் தொப்பியைத் தன் தலையில் போட்டு, காற்றாடியை ஓடவிட்டுக் குதித்துக் காட்டினார். "அவனைக் கூப்பிடு" என்றார். நான் ஏற்கெனவே நம்பரை அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு பெண் எடுத்தாள். மனைவி. வந்து சேர்ந்து இரண்டு மாதமாம். எனக்குப் பெரிய சந்தோசம். "அவர் எங்கயம்மா?" என்று கேட்டேன்.

"படுத்திருக்கிறார் அக்கா. கனக்கக் கதைச்சா மூச்சு இளைக்கும்."

அடுத்த ஞாயிறு வீட்டுக்குப் போனேன். ஸ்காபரோவில் ஓர் உயரமான தொடர்மாடியில், இரண்டு அறை வீடு. கதிரையில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தாடி இல்லாத முகம் சின்னப்பொடியனுடையது போல இருந்தது. அவர் கதையை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தொட்டி ஒன்றில் ஒருவன் எதையோ ஊற்றியிருக்கிறான். மணம் மாறியிருக்கிறது. இவருக்கு நாங்கள் சொன்னது நினைவு வந்திருக்கிறது, ஓடவும் செய்திருக்கிறார். ஆனால் தொட்டிக்குள் நின்ற இன்னொருவனை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். அவன் தப்பிவிட்டான். இவருடைய நுரையீரல் வெந்துபோய்விட்டது.

"ஆஸ்பத்திரியில மூச்சு மெசினைப் பூட்டுறதுக்கு மாஸ்க் ஒட்டேல்லையாம்." அவர் கன்னத்தைத் தடவினார். "நான் வழிக்கேல்லை அக்கா. நினைவில்லாமக் கிடக்கேக்க அவை வழிச்சுப்போட்டினம். அதுக்குப் பிறகுதான் இவைக்கு விசா வந்தது."

அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் இருந்தது வெட்கமா, ஆறுதலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மனைவி குசினியில் இருந்து, "முருகனுக்கு எல்லாம் விளங்கும், நீங்கள் கதையாதேங்கோ" என்றாள். மகள் நிலத்தில் இருந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

புதுத் தொப்பியைப் பற்றிச் சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமல் எழும்பினேன். கதவுவரை வந்த மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள், "அக்கா, அந்த வகுப்புக்குப் பொம்பிளையளும் வரலாமோ? நான் வேலைக்குப் போகோணும்."

வேறு ஏதாவது வேலை பார்க்கலாம் என்றேன். அவர் உள்ளே இருந்து, "வரட்டும் அக்கா. ஒழுங்காப் பழகினா ஒண்டும் ஆகாது. எனக்குத் தெரியும்" என்றார்.

அவள் வந்தாள், ஐந்து நாளும் முடித்தாள். இப்போது வீடுகளில் மிஞ்சும் பெயின்ற், பற்றறி, மருந்துப் போத்தல்களை நகரசபை வாங்கிச் சேர்க்கும் இடம் ஒன்றில் வேலை. நல்ல இடம், எல்லாப் பாதுகாப்பும் உண்டு. தொப்பியும் சும்மா கிடக்கவில்லை. சீக்கியப் பொடியன்கள் அதைப் போட்டுக்கொண்டு படமெடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த அலுவலர் பிள்ளைக்குப் பதவி உயர்வு கிடைத்தது, மனமார வாழ்த்தினேன். இதில் பிழை விட்டவர் என்று எங்களில் ஒருவரையும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பயிற்சியாளர் சோதனையில் விட்டுக்கொடுத்திருக்க முடியாது. அந்தப் பிள்ளை தன்னால் முடிந்த வேகத்தில்தான் ஓடினாள். அவர் முருகனுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தொப்பி ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் என்று மட்டும், ஒவ்வொரு முறை அந்தக் காற்றாடி இரையும்போதும் மனம் அரிக்கும்.

சனிக்கிழமைகளில் அவரையும் குடும்பத்தையும் தமிழ்க்கடையில் காண்பேன். கார் நிறுத்துமிடத்தில் இருந்து கடை வாசலுக்கு வருவதற்குள் அவர் இரண்டு தரம் நின்று மூச்செடுப்பார். மனைவியும் மகளும் முன்னால் போய்விடுவார்கள், அவர்தான் அப்படிப் போகச் சொல்வாராம். நான் பக்கத்து நகைக்கடையின் கண்ணாடிக்கு முன்னால் நின்று, அவர் நிற்பதைக் காணாதவளாய், வாங்கப்போகிறவள் போலச் சங்கிலிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் என்னைத் தாண்டி ஒரு நாலடி போன பிறகு, "என்ன தம்பி, சுகமோ?" என்று கேட்டுக்கொண்டு பின்னால் போவேன்.