அடித்துப் போட்ட இரண்டாவது இருள்

அச்சகத்தில் அவளைக் கழுகுக்கண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறாள். பாடப் புத்தகமோ மருந்துச் சீட்டோ, அவளுடைய சிவப்புப் பேனா படாமல் எதுவும் மெஷினுக்குப் போகாது. சொன்னதையே திரும்பச் சொன்னால் மட்டும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதனாலேயே வீட்டில் அவள் கணவர் பாதிப் பேச்சை விழுங்கிவிடுவார், பாவம்.

அவளுக்கு ஒரே அண்ணன். கடிகாரம் பழுது பார்ப்பவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தினமும் கடை திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் சிலுவைக்கு எதிரே வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். முப்பது வருடப் பழக்கம். எழுந்து வரும்போது அந்த முகத்தைப் பார்த்தால் நமக்கே சண்டை போடத் தோன்றாது. அவருடைய கடைக்கு வந்துபோகும் அரபு வாத்தியாரும் தியானம், இறைவன் பெயரை ஓயாமல் ஓதும் திக்ரு என்று வாழ்ந்தவர்தான். சூஃபிகளின் பாதையையும் கிறிஸ்தவத் துறவிகளின் பாதையையும் படிப்படியாக ஒப்பிட்டுப் பேசியே இருவரும் தேநீரை ஆறவிடுவார்கள். அந்தப் பேச்சைத்தான் வாத்தியார் புத்தகமாக எழுதினார். கைப்பிரதியை அச்சகத்தில் கொடுத்த மூன்றாம் வாரம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

ஆகவே சந்தேகம் கேட்க ஆள் இல்லை. அவளுக்குச் சந்தேகமும் வரவில்லை, அதுதான் கொடுமை. கடைசி அத்தியாயம் வெறும் அட்டவணை. இடது பக்கம் சூஃபிகளின் படிகள்: தவ்பா என்னும் மனம் திரும்புதல், பற்று விடுதல், பொறுமை, இறைவனிடம் தன்னை ஒப்படைத்தல், முடிவில் தன்னையே இழக்கும் ஃபனா. வலது பக்கம் கிறிஸ்தவத் துறவிகளின் படிகள்: தூய்மை, ஒளி, இறைவனோடு ஒன்றிப்பு. தூய்மைக்குக் கீழே ‘இருள்’ என்று ஒரு வரி. ஒன்றிப்புக்குச் சற்று முன்னால் மறுபடியும் ‘இருள்’. கிழவர் தூக்கக் கலக்கத்தில் இரண்டு தடவை எழுதிவிட்டார் என்று நினைத்து, பின்னால் வந்ததைக் கைப்பிரதியிலேயே அடித்தாள். அதற்கு எதிரே ‘உள்ளச் சுருக்கம்’ என்று சூஃபிகளின் நிலை ஒன்று ஜோடியில்லாமல் நின்றது. அதையும் அடித்தாள்.

அந்த வருடம் அண்ணனுக்கு ஜெபம் வறண்டுபோயிருந்தது. உட்கார்ந்தால் சுவர்தான் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல், புத்தகம் வந்ததும் தன் நிலை எந்தப் படி என்று தேடினார். இருள் முதல் படியில் மட்டுமே இருந்தது. அன்றோடு காலையில் உட்காருவதை விட்டுவிட்டார். ஈரலில் கட்டி என்று மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் தங்கையிடம் வாய் திறந்தார்.

“முப்பது வருஷம் நடந்து, புறப்பட்ட இடத்துலயே நிக்கிறேன்மா. இனிமே நடக்க நாளும் இல்ல. ஆண்டவருக்கு நான் வேண்டாம்போல.”

அவர் காட்டிய பக்கத்தைப் பார்த்ததும் தான் அடித்த வரி அவளுக்கு நினைவுக்கு வந்தது. அச்சகத்துக்கு ஓடினாள். பழைய கட்டுகளைக் கலைத்துப் போட்டு அந்தத் தாளைக் கண்டுபிடித்தாள். பின்பக்கத்தை அன்று அவள் திருப்பிப் பார்த்திருக்கவில்லை. அங்கே வாத்தியார் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘இது வேறு இருள். முதல் இருளில் கெட்ட பழக்கம் போகும், இதில் ஜெபத்தின் ருசியே போகும். வெகுதூரம் வந்தவனுக்குத்தான் இது. எங்களிடமும் உண்டு. கடிகாரக்காரரிடம் சொல்ல வேண்டும்.’

தாளை அண்ணன் கையில் கொடுத்து அழுதாள். “நான்தான் தெரியாம அடிச்சுட்டேண்ணா. நீங்க பின்னால போகல. கிட்ட வந்துட்டீங்க.”

அவர் பின்பக்கத்தை வாசித்தார். பிறகு திருப்பி, சிவப்புக் கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

“வாத்தியாருக்கு என்மேல பிரியம் ஜாஸ்தி, ஆறுதலுக்கு எழுதியிருப்பார். ஆனா, தப்பில்லாத எதையும் நீ அடிச்சதே இல்லையேம்மா.”

“சத்தியமா தப்பு என்னோடதுண்ணா!”

“சரி சரி, அழாத” என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். அவர் நம்பவில்லை என்பது அந்தத் தட்டலிலேயே தெரிந்தது.

நான்காம் நாள் பாதிரியார் வந்து ஜெபிக்கட்டுமா என்று கேட்டார். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மத்தியானம் உயிர் போனது. அவர் ஒருவராவது அவளை அவ்வளவு நம்பாமல் இருந்திருக்கலாம்.