மதியத்துப் போன்

மாடி வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டைதான் போடுவார். அதில் எப்போதும் நாய் முடி ஒட்டியிருக்கும். கல்யாணமாகி வெளிநாடு போன மகள் விட்டுச்சென்ற நாய் அது. குளிர்தேசத்து ஜாதி, உடம்பெல்லாம் கம்பளி போல முடி. பெரம்பலூர் வெயிலுக்கு அதை அறைக்குள் விட்டு, தரையில் ஈரச் சாக்கு விரித்து, ஏர்கூலரைப் போட்டுவிட்டுத்தான் அரியலூருக்கு வேலைக்குப் பஸ் ஏறுவார்.

மதியமானால் கீழ்வீட்டில் இருக்கும் எனக்குப் போன் வரும்.

"கரண்ட் இருக்குங்களா?"

"இருக்குங்க."

"அப்ப சரிங்க."

சித்திரையில் ஒருநாள் மதியமும் அப்படித்தான் கேட்டார். என் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, இருக்கிறது என்றேன். மாலையில் அவர் கதவைத் திறந்தபோது கூலர் நின்றிருந்தது. நாய் சாக்கின்மேல் விறைத்துக் கிடந்தது.

"மாடிக்கு வர்ற பேஸ் லைன்ல மட்டும் கரண்ட் போயிருக்குங்க. கீழ இருக்குற உங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

மறுநாள் மதியமும் போன் அடித்தது.

"கரண்ட் இருக்குங்களா?"

போனைக் காதில் வைத்தபடியே மாடிப்படி ஏறினேன். பூட்டிய கதவுக்குப் பின்னால் கூலர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுதுங்க."

"அப்ப சரிங்க."