ஆசாஹான் பாதையில் நான் கேட்ட குரல்

அருணாசலம் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நான்!

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நீங்கள் பாதியில் மூடிவைத்துவிட்டுப் போனாலும் இந்த ஒன்றாவது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் மலாக்காவில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்திய சைக்கிள் பந்தயத்தில் முதலாவதாக வந்தவன் நான். கோப்பையும் மாலையுமாக நான் நிற்கும் படம் சங்க மண்டபத்தின் சுவரில் இன்றும் தொங்குகிறது. அந்தப் படத்தைக் காட்டி உங்கள் வீட்டிலும் யாராவது என்னைப் புகழ்ந்திருக்கலாம். அந்தப் புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வெட்கம் வந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை... பல வருடங்கள் எனக்குச் சுகமாகத்தான் இருந்தது!

அப்போது நான் காஜா பெராங்கில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தேன். என் பெற்றோர் ரப்பர் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்தவர்கள். கடைக்குச் சற்றுத் தள்ளி கம்போங் செட்டி, மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பு. அருணாசலம் பிள்ளை அங்கே இருந்தான். அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தர், என் வயதுதான்.

மலாக்காச் செட்டிகளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர்களின் முன்னோர் எங்கள் முன்னோருக்கு வெகுகாலம் முன்பே தமிழ்நாட்டிலிருந்து வணிகம் செய்ய வந்து, இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவர்கள். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். பெயர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மட்டும் மலாய். அது குற்றமா? அன்று எங்கள் சங்கத்தில் அது குற்றமாக இருந்தது!

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நானும் அருணாசலமும் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். மண்காப்பையும் சங்கிலி மூடியையும் கழற்றிவிட்டு, தடித்த டயர் மாட்டிய கனமான சைக்கிள்கள். ஜாசினைத் தாண்டினால் தார்ச்சாலையை விட்டு விலகிச் செம்மண் சரளைப் பாதையில் இறங்குவோம். ரப்பர் மரங்களின் நிழல். அப்புறம் கம்பங்களில் கொடி ஏறிய மிளகுத் தோட்டங்கள். அதற்கும் மேலே லேடாங் மலையடிவாரக் காடு. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. தடைகளை எடுத்த பிறகு, அந்தப் பாதை முழுவதும் எங்களுக்கே சொந்தம் என்பதுபோல் சுற்றினோம்.

அவன் அம்மா வாழையிலையில் சோறும் மிளகாய் அரைத்த சம்பாலும் கட்டிக்கொடுப்பார். எப்போதும் இரண்டு பொட்டலம். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. நான் அதை மறந்துவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? எதையும் மறக்கவில்லை. அதனால்தான் என் குற்றம் பெரிது!

பந்தயத்தன்று பண்டார் ஹிலிர் திடலில் கொடியசைத்தார்கள். மலையடிவாரத்து ஊரான ஆசாஹான் வரை போய், அங்குள்ள சரளைப் பாதையைச் சுற்றித் திரும்ப வேண்டும். ஜாசின் வரை ஒரு கும்பலாகப் போனோம். சரளை தொடங்கியதும் கும்பல் கலைந்தது. ஆசாஹானில் மழை பிடித்துக்கொண்டது. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவன் அருணாசலம் ஒருவன்தான்.

சரிவில் அவனைப் பிடிக்க என்னால் முடியவில்லை. முடிந்திருக்கவே முடியாது... அவன் என்னைவிட நல்ல ஓட்டக்காரன். இதையும் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மிளகுத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் வளைவில் ஒரு சிறு ஓடை. நான் திரும்பியபோது அவன் சைக்கிள் பாதை ஓரத்தில் கிடந்தது. பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் கீழே ஓடைக் கற்களுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தான். ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"மாணிக்கம்! தோலோங்!"

தோலோங் என்றால் உதவி செய் என்று பொருள். மலாக்காவில் பிறந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நான் நின்றேன். ஆம், நின்றேன்! பார்க்காமல் பறந்துபோனவனாக இருந்தால் எனக்கும் ஏதாவது ஒரு சமாதானம் இருந்திருக்கும். நான் பிரேக்கைப் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, அவன் கண்களைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். வந்துவிட்டேன் என்று நம்பி அவன் முகம் தளர்ந்தது...

பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெடலை மிதித்தேன்.

பின்னால் யாரும் வரவில்லை. மழைக்குப் பயந்து எல்லாரும் ஆசாஹானிலேயே திரும்பிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது என்று சொல்லலாம். ஆனால், தெரிந்துகொள்ள நான் விரும்பினேனா? ஜாசினில் ஒரு காவல் நிலையம் இருந்தது. அதன் வாசல் வழியாகத்தானே வந்தேன்! ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கக் கூடாதா?

திடலில் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். "செட்டிப் பையன் எங்கப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பின்னால வர்றான்," என்றேன்.

மாலையில், தூரியான் தோப்பைப் பார்க்கப் போன ஒரு மலாய்க்காரர் அவனைக் கண்டெடுத்து லாரியில் ஏற்றி அனுப்பினார். தொடையெலும்பு கோணலாகக் கூடியது. அருணாசலம் அதற்குப் பிறகு சைக்கிள் ஏறவில்லை.

இதுவரை சொன்னது ஒரு கோழையின் கதை. கோழையை நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். உங்களுக்கு அது பழக்கம். இனிமேல் சொல்லப்போவதைக் கேளுங்கள்.

கம்பை ஊன்றி நடக்க முடிந்ததும் அவன் சங்கத்துக்கு வந்தான். அம்மா, கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியுமாக, அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவன் கோப்பையைக் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டான்; அவ்வளவுதான்.

சங்கத் தலைவர் ஒரு துணிக்கடை முதலாளி. நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "தம்பி, இது தமிழ்ச் சங்கம். இங்க தமிழ்லதான் பேசணும்."

அருணாசலம் விழித்தான். அவனுக்குத் தெரிந்த தமிழ் சாமி பெயர்களும் சில உறவுப் பெயர்களும்தான்.

"சரி, தெரியலன்னா விடுங்க. மாணிக்கம் இருக்காரே, அவரே எடுத்துச் சொல்லட்டும். ரெண்டு பேரும் கூட்டாளிங்கதானே?"

யோசித்துப் பாருங்கள்! என்மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டை மொழிபெயர்க்க நான்! அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரும் அன்று காலைதான் சந்தையில் மலாயில் மீன் விலை பேசிவிட்டு வந்தவர். தலைவரின் கடையில் பாதி வாடிக்கையாளர்கள் மலாய்க்காரர்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரம் மட்டும் அங்கே ஒருவருக்கும் மலாய் தெரியாது!

அருணாசலம் மெதுவாக, எல்லாருக்கும் புரியும்படி சொன்னான்: "டியா தெங்கோக் சாயா. டியா ஜாலான்."

'அவன் என்னைப் பார்த்தான். அவன் போய்விட்டான்.' இதுதான் பொருள்.

நான் எழுந்து நின்று தமிழில் சொன்னேன்: "நான் பார்த்திருப்பேன்னு நினைக்கிறாராம். மழையில அவருக்கும் சரியாத் தெரியலையாம்."

ஒருவர் இருமினார். இன்னொருவர் மேற்கூரையைப் பார்த்தார். "தம்பி, அவன் அப்படிச் சொல்லலையே" என்று ஒரு வாய்... ஒரு வாய்கூடத் திறக்கவில்லை! படம் பத்திரிகையில் வந்துவிட்டது. நம் பையன் ஜெயித்துவிட்டான். ஒரு செட்டிக்காக அதைக் கெடுத்துக்கொள்வானேன்? இதுதான் அவர்கள் நியாயம். பொய்யை நான் சொன்னேன். அவர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டார்கள்.

"அப்ப, உறுதியாத் தெரியாம ஒருத்தர் மேல பழி போடக்கூடாது," என்றார் தலைவர். கூட்டம் முடிந்தது.

என் தமிழ் அருணாசலத்துக்குப் புரியவில்லை. எங்கள் முகங்கள் புரிந்தன. அவன் அம்மா என் அருகில் வந்து மலாயில் கேட்டார்: "மகனே, அவன் சொன்னதை அப்படியே சொன்னாயா?"

"சொன்னேன், மாக்," என்றேன். அவரை நான் அம்மா என்று கூப்பிடும் சொல் அது.

அதன் பிறகு பொறாமையில் பழி சொன்னவன் என்ற பெயர் அவனுக்கு நின்றுவிட்டது. டீக்கடையில் யாராவது கதை அளந்தால், "செட்டி சைக்கிள் கதையா?" என்று சிரிப்பார்கள். நானும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். நானும் சிரித்திருக்கிறேன்.

அவன் அம்மா இறந்தபோது நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

கிழவனான பிறகு, போன வருடம், அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மண்டபத்தில் நான் திரித்த வார்த்தைகள் உட்பட. அவன் நாற்காலியை விட்டு எழவில்லை.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்று மலாயில் கேட்டான். "எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

போனேன். சங்கத்தின் ஆண்டு விழாவில் மூத்த வீரர் என்று என்னை மேடையேற்றியிருந்தார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்துச் சொன்னேன். பார்த்தேன், நின்றேன், விட்டுவிட்டுப் போனேன், சபையில் பொய் சொன்னேன்... எல்லாம் சொன்னேன்.

கை தட்டினார்கள்!

உங்களுக்குப் புரிகிறதா? கை தட்டினார்கள்! "இந்த வயதிலும் இப்படி ஒரு நேர்மையா!" என்று செயலாளர் தழுதழுத்தார். பொன்னாடை போர்த்தினார்கள். ஒருவராவது எழுந்து, "அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா? எங்கே இருக்கிறார்?" என்று கேட்கவில்லை. சுவரில் இருந்த படத்தைக் கழற்ற ஒரு கை நீளவில்லை. என்னைக் காறித் துப்பியிருந்தால் அவர்கள்மேல் எனக்கு மரியாதை வந்திருக்கும்!

அந்தக் கோபத்தோடு நேரே அருணாசலம் வீட்டுக்குப் போனேன். கம்பை ஊன்றி வாசலுக்கு வந்தான். நடந்ததைக் கொட்டினேன். இவர்கள் மனிதர்களா என்று கத்தினேன். எனக்காக அவனும் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ...

அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"என் பேரச் சொன்னியா?"

மேடையில் நான் பேசியதை மனத்துக்குள் திரும்ப ஓட்டினேன். "நண்பர் ஒருவர்" என்றுதான் சொல்லியிருந்தேன். ஆரம்பம் முதல் கடைசிவரை, நண்பர் ஒருவர்.

"இல்ல," என்றேன்.

அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.