ஒகுஸ்த் காத்த வாசல்

மூலக்குளத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒகுஸ்த். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பிய சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. காரணம் அவர் வாசல்தான். அங்கே யாராவது சைக்கிளைச் சாய்த்தால்கூட மனுஷன் பனியனோடு ஓடிவந்து தெருவை இரண்டாக்கிவிடுவார். தரகரோடு வந்த மூன்று பெண் வீட்டாரும், காரை எங்கே நிறுத்துவது என்ற சண்டையிலேயே திரும்பிப் போனார்கள்.

அவருக்கு ஒரே பொழுதுபோக்கு ஃபைட்டர் மீன் வளர்ப்பது. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குப் பாடம் எடுப்பார்.

"ஆம்பள மீனு எடம் புடிச்சாத்தான் நுரையில கூடு கட்டும். கூட்டப் பாத்துத்தான் பொட்ட வரும். ஆனா வந்தது பொட்டையா திருடனான்னு அதுக்கு ஒடனே தெரியாது, கடிச்சிடும். அதான் பொட்டய மொதல்ல பாட்டில்ல விட்டுக் காட்டணும்."

மீனுக்கு இவ்வளவு பார்க்கிறவர் தனக்குப் பார்த்துக்கொள்ளவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

2004 ஜூனில் எதிர்வீட்டு மாடியில் பிரெஞ்சு டியூஷன் எடுக்க அஞ்செல் என்ற டீச்சரம்மா வந்தார். அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. எதிர்வீட்டுக்கு முன்னால் மணல் கொட்டிக் கிடந்ததால் ஸ்கூட்டியை நேராக ஒகுஸ்த் வாசலில் நிறுத்தினார். ஒகுஸ்த் பாய்ந்தார். அஞ்செல் சண்டையும் போடவில்லை, வண்டியையும் எடுக்கவில்லை.

"கத்தி முடிங்க முசியே. ஆறு மணிக்கு எடுத்துடறேன்," என்று சொல்லிவிட்டு மாடியேறிவிட்டார்.

மறுநாள் ஒகுஸ்த் கத்தவில்லை. அடுத்த வாரம் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார். பிறகு இஸ்திரி போட்ட சட்டை, மீசைக்கு மை. ஸ்கூட்டி நிற்கும் இடத்தில் வேறு யார் வந்தாலும் அடிதடிதான். கேஸ்காரரையே சிலிண்டரோடு விரட்டினார். அஞ்செலுக்காக இடம் காக்கிறாராம். ஆனால் நாலு மாசமாக அஞ்செலிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"அவங்க இல்லன்னா எனக்கு யாரு இருக்கா, காசிலிங்கம்?" என்று ஒருநாள் மதிலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்கே பாவமாகிவிட்டது.

அக்டோபரில் மணலை அள்ளிவிட்டார்கள். அஞ்செல் ஸ்கூட்டியை எதிர்ப்பக்கமே நிறுத்தினார். கேட்டுக்குள் நின்ற ஒகுஸ்தின் முகம் செத்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. தெருவைத் தாண்டிப் போனேன்.

"மேடம், அவரு உங்களுக்காகத்தான் அந்த எடத்தக் காத்துக்கினு இருக்காரு."

"அது ஊருக்கே தெரியுது," என்றார் அஞ்செல், ஒகுஸ்துக்கும் கேட்கிற மாதிரி. "இத்தன பேர வெரட்டறவரு, என்னைய ஒரு நாளாவது உள்ள வாங்கன்னு கூப்டாரா?"

ஒகுஸ்த் கேட்டைத் திறந்தார்.

"உள்ள... உள்ள வாங்க."

அஞ்செல் போனார். அப்படி ஒரு சந்தோஷத்தை ஒகுஸ்தின் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. பதினோரு வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருந்தும் என்னை அவர் ஒரு தரம்கூட உள்ளே விட்டதில்லை. இன்றைக்கு விட்டுவிடுவார் என்று நானும் பின்னாலேயே காலை வைத்தேன்.

கேட் பாதி மூடி என்னை மறித்து நின்றது.

"நீ எங்க வர?" என்றார் ஒகுஸ்த்.