ரஸ்மிய்யா அனுப்பிய வக்கீல்

கரக் நகரத்து அரசுப் பெண்கள் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக ஆயா வேலை பார்க்கிற ரஸ்மிய்யாவை ஏமாற்றி ஒரு கிலோ தக்காளி விற்றுவிட முடியாது. பையைக் கவிழ்த்து, அடியில் கிடக்கிற அழுகலைப் பொறுக்கிக் கடைக்காரன் முன்னாலேயே வைப்பாள். “இதைக் கொண்டுபோய் உன் மாமியாருக்குக் கொடு” என்பாள். தலைமையாசிரியைக்கே அவளிடம் கொஞ்சம் பயம்தான். அப்பேர்ப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, கேள்வி கேட்காமல் தலையை ஆட்டினாள்.

அவள் புருஷன் தியாப் மினிபஸ் ஓட்டுகிறவன். பஸ் நிலையத்தில் ஒரு மத்தியானம், எந்த வண்டி முதலில் கிளம்புவது என்று கைகலப்பு. வேறு கோத்திரத்து டிரைவர் ஒருவனுக்கு வயிற்றில் கத்திக்குத்து. அவன் பிழைத்துக்கொண்டான். ரத்தம் தோய்ந்த சட்டையோடு நின்ற தியாபைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. போலீஸ் நிலையத்திலிருந்து அவன் சொல்லி அனுப்பிய சேதி ஒன்றுதான்: “ரஸ்மிய்யா எந்த வக்கீலை அனுப்புறாளோ, அவருக்குத்தான் கையெழுத்துப் போடுவேன்.”

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி மறுநாளே ஹதீல் என்ற வக்கீலைக் கூட்டிவந்தாள். சின்ன வயசு, தலைநகர் அம்மானில் படித்தவள், இந்த ஊர்க் கோத்திரம் எதிலும் சேராதவள்.

“அக்கா, உங்க வீட்டு ஆம்பளைங்க சமாதானம் பேசப் போவாங்க. சண்டை வேணாம், அவகாசம் கொடுங்கன்னு கேட்டா பரவாயில்லை. குத்தம் எங்களுதுன்னு ஒத்துக்கிட்டு அவகாசம் வாங்கினா, உங்க வீட்டுக்காரர் கதி அதோகதிதான். அந்த ஹாபிஸ் வக்கீலை வைக்கப் போறதா கேள்விப்பட்டேன். அவரு யாருக்கு வக்கீலு? உங்க வீட்டுக்காரருக்கா, உங்க கோத்திரத்துக்கா?”

ரஸ்மிய்யாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ரெண்டும் ஒண்ணுதாம்மா” என்றாள்.

பாவி மகள்! தக்காளிப் பையைக் கவிழ்த்துப் பார்க்கத் தெரிந்தவளுக்கு அன்றைக்கு என்ன வந்தது?

சாயங்காலம் தியாபின் அண்ணன் ஹாஜி முத்லக் வந்தார். கூடவே வக்கீல் ஹாபிஸ். கோத்திரத்தில் யாருக்கு எந்த வழக்கு வந்தாலும் இவர்தான்.

“வெளியாளை வைக்கப் போறியாமே, உம்மு ஃபவாஸ்?” என்று மகன் பெயரைச் சேர்த்து அவளைக் கூப்பிட்டுக் கேட்டார் ஹாஜி. “தாராளமா வை. குத்துப்பட்டவனோட ஆளுங்க வந்து நம்ம வீடுங்களைக் கொளுத்தினா அந்தப் பொண்ணு ஃபைலால அடிச்சு அணைப்பா. சமாதானத்துக்கு நாற்பது பேர் வேணும். யாரு வருவா, உன் டீச்சருங்களா?”

“அப்படிச் சொல்லலை ஹாஜியாரே...”

“ஹாபிஸ் நம்ம ரத்தம். நம்ம பையனை விட்டுக் கொடுப்பானா?”

அவள் தலையை ஆட்டினாள். ஹாபிஸ் தியாபைப் பார்க்கப் போனார். அவள் அனுப்பியவர் என்றதும் தியாப் படிக்கக்கூட இல்லை, கையெழுத்துப் போட்டான்.

மூன்றாம் நாள் பெரியவர்கள் குத்துப்பட்டவன் கோத்திரத்தாரிடம் சமாதானம் பேசத் திரண்டு போனார்கள். என்ன நடந்தது என்று ரஸ்மிய்யா செல்போனில் யாரோ அனுப்பிய வீடியோவில்தான் பார்த்தாள். கேட்டது கிடைக்கும்வரை குடிப்பதில்லை என்ற வழக்கப்படி காப்பிக் கோப்பைகள் தொடப்படாமல் இருந்தன. ஹாஜி முத்லக் எழுந்து நின்றார். “குத்தம் எங்களுது. கை எங்க தியாபோடது” என்றார். அந்தப் பக்கத்துப் பெரியவர் தலையசைத்ததும் எல்லாரும் காப்பியைக் குடித்தார்கள். அந்த ஒப்புதலைக் காகிதத்தில் எழுதி வாசித்தவர் வக்கீல் ஹாபிஸ்.

அந்த வாரமே சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தியாப் உட்கார்ந்திருந்தான்.

“குத்தினது ராகான்” என்றான். ராகான் ஹாஜி முத்லக்கின் மூத்த மகன். “கத்தியைப் பிடுங்கப் போனவன் நான். ஹாபிஸ்கிட்ட முதல் நாளே சொன்னேனே. உன்கிட்ட சொல்லலையா?”

“அவரு என்ன சொன்னாரு?”

“வேற யார்கிட்டயும் வாயைத் திறக்காதேன்னாரு. நீ அனுப்பின ஆளாச்சேன்னு பேசாம இருந்துட்டேன்.”

ராகான் அதற்குள் அகபாவில் துறைமுக வேலைக்குப் போய்விட்டிருந்தான். வேலை வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்கவே வேண்டாம். ரஸ்மிய்யா ஹாஜி வீட்டு வாசலில் நின்று, தெருவே கூடிப் பார்க்க வயிறெரியக் கத்தினாள். யாரும் கதவைத் திறக்கவில்லை.

பிறகு ஹதீலிடம் போனாள். அந்தப் பெண் குத்திக்காட்டவில்லை. ஹாபிஸை நீக்கிவிட்டு வழக்கை எடுத்துக்கொண்டாள். “அந்தக் காகிதத்தை நீதிபதி ஒதுக்கிடலாம் அக்கா. நமக்குச் சாட்சி வேணும்” என்றாள். பஸ் நிலையத்து டீக்கடைக்காரர் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர். ரஸ்மிய்யா அவரிடம் நாலு தடவை நடந்தாள்.

“உங்க ஹாஜியே நாற்பது பேர் முன்னாடி ஒத்துக்கிட்டாரேம்மா” என்றார் அவர். “இப்போ நான் வேற மாதிரி சொன்னா, ரெண்டு கோத்திரத்தையும் பொய்யனுங்கன்னு சொன்னதா ஆகும். நானும் புள்ளகுட்டிக்காரன். என்னை விட்டுடு.”

பார்த்த மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஏழு வருஷம் தீர்ப்பானது. குத்துப்பட்டவன் மன்னித்ததால் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். இரண்டு கோத்திரமும் சமாதான விருந்தாக ஒரே தட்டில் மன்ஸஃப் கறிச்சோறு சாப்பிட்டன. “பாதியைக் குறைச்சுக் கொடுத்தது நாங்கதான்” என்று ஹாஜி முத்லக் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்ல அவருக்கு நாக்கு கூசவில்லை.

அடுத்த சந்திப்பில் ரஸ்மிய்யா மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். அப்பீலுக்கு ஹதீலைவிடப் பெரிய வக்கீல் ஒருத்தர் அம்மானில் இருக்கிறாராம். நல்ல மனுஷராம், தீர விசாரித்துவிட்டாளாம். அவர் பெயர், படிப்பு, ஜெயித்த வழக்குகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.

தியாப் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

“இனிமே நீ யாரையும் அனுப்பாதே, ரஸ்மிய்யா” என்றான்.