இரண்டு சென்ட் போத்தல்களும் ஒரு மூக்கும்

பாரிசிலிருந்து மனைவியின் தமக்கை இரண்டு சென்ட் போத்தல்கள் அனுப்பியிருந்தார். பிடித்ததை நாங்கள் வைத்துக்கொண்டு மற்றதைச் சுருவில் ஊரில் இருக்கும் அவர்களின் தங்கைக்குக் கொடுக்கட்டாம். முன்பென்றால் என் மனைவி ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். முற்றத்தில் நின்றே குசினியில் கறி அடிப்பிடிப்பதைக் கண்டுபிடிக்கிற மூக்கு அது. கொரோனாக் காய்ச்சல் வந்துபோனதோடு ஒரு மணமும் தெரியாமல் போய்விட்டது.

"நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ" என்று வேலையை என் தலையில் கட்டினாள்.

அவளுக்கு இது வெறும் சென்ட் இல்லை. நான் பிடித்துவரும் மீனையும் நண்டையும் துப்புரவாக்குவது அவள்தான். தன்னில் அந்த நாற்றம் இருக்குமோ என்ற பயத்தில், இரண்டு தரம் குளித்தாலும் மாதா கோயிலில் கடைசி வரிசை வாங்கில் தனியாகத்தான் இருப்பாள். பூசைக்கு வெளிக்கிடும்போதெல்லாம் "என்னில மீன் மணக்குதோ?" என்று கேட்பாள். நானும் "இல்லையப்பா" என்பேன்.

கடலால் வந்ததும் கையைக் கழுவி, ஒரு கையில் ஒரு சென்டையும் மறுகையில் மற்றதையும் அடித்து முகர்ந்தேன்.

"ரெண்டும் ஒண்டுதான். உம்மட அக்காவை ஆரோ நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்."

அவள் கிணற்றடியைப் பார்த்தாள். பிழிந்த தேசிக்காய்ப் பாதி கல்லில் கிடந்தது. மீன் வாடை போக அந்த எலுமிச்சைப் புளியை நாங்கள் எல்லோரும் தேய்ப்பதுதானே. என் கையும் பழக்கத்தில் தன்பாட்டில் தேய்த்துவிட்டிருக்கிறது.

"தேசிக்காயைப் பூசிப்போட்டோ சென்ட் மணந்து பாக்கிறியள்?" விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் அப்படிச் சிரித்துக் கனகாலம்.

பிறகு தன் கைகளில் ஆளுக்கொன்றாய் அந்தச் சென்டுகளை அடித்து, இரண்டையும் நீட்டினாள். முதலில் இரண்டிலும் தோடம்பழத் தோல்தான் மணத்தது. கொஞ்சம் பொறுத்தபோது வலது கையின் மணம் புதிதாய் அரிந்த பலகை போல வறண்டு போனது. இடது கை மழையில் நனைந்த பலகை; கொஞ்சம் இனிப்பும் இருந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் கையை விட மனம் வரவில்லை. முழங்கை வரை முகர்ந்துகொண்டு போனேன்.

"அங்க சென்ட் அடிக்கேல்லை."

"தெரியும்."

"மீன் மணக்குதோ?"

வழக்கமான பதில் வாய்க்குள் வந்தது. அதை விழுங்கினேன்.

"ஓம். கொஞ்சம்."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"இவ்வளவு காலமும் மணந்து பாக்காமல்தானே இல்லையெண்டனீங்கள்?"

வெட்கமாக இருந்தது. தலையாட்டினேன். அவள் கோபிக்கவில்லை. இடது கைப் போத்தலைத் தனக்கென்று எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினாள். குனிந்து, நின்று நிதானமாக முகர்ந்தேன்.

"இல்லை" என்றேன்.

அன்றைக்குப் பெண்கள் பக்கம் மூன்றாவது வாங்கில், இரண்டு பேருக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு போய் இருந்தாள்.